கல்லீரலும் கழுகாசலமும்

ஜூன் 2, திங்கள்

பித்தப்பையில் கல் இருக்கும் என்று நினைத்து ஸ்கேன் எடுக்கப் போனேன். கல் இல்லை. கல்லீரலில் கட்டி இருக்கிறதாம். வலது பக்கம், ஏழு சென்டிமீட்டர்.

ஸ்கேன் எடுத்த டாக்டரம்மாவுக்கு என் மகள் தாரணி வயசுதான் இருக்கும். திரையைப் பார்த்துக்கொண்டே, "அம்மா, ட்ரிங்க்ஸ் பழக்கம் உண்டா?" என்றாள்.

"மோர் குடிப்பேன்," என்றேன். "வெயில் நாளா இருந்தா ரெண்டு தம்ளர்."

அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் விஷயம் பெரிது என்று புரிந்தது.

ஐம்பத்திரண்டு வயசில் டைரி எழுத ஆரம்பிக்கிறேன். ஜனவரியில் யாரோ கொடுத்தது. அலமாரி ஆடாமல் இருக்க காலடியில் வைத்திருந்தேன். இன்று உருவிவிட்டேன். அலமாரி ஆடுகிறது. ஆடட்டும்.

ஜூன் 3, செவ்வாய்

காலையில் என் டிரைவிங் ஸ்கூலில் மூன்று பேருக்கு ஸ்கூட்டர் வகுப்பு. ஒருத்தி பால்காரர் மேல் ஏற்றிவிட்டாள். பால்காரருக்கு ஒன்றுமில்லை. பால்தான் போச்சு.

ஜூன் 6, வெள்ளி

மதுரை போய் வந்தேன். ஈரல் டாக்டர் பெயர் இம்மானுவேல். மெதுவாகப் பேசுகிற மனுஷர். இவரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டால் மூன்றாவது கியரைப் பார்க்க ஒரு வருஷம் ஆகும்.

என் ரத்தத்தில் காமாலை பி வைரஸ் இருக்கிறதாம். எப்போது வந்தது என்று சொல்ல முடியாதாம், பிறக்கும்போதே வந்திருக்கலாமாம். இத்தனை வருஷம் வாடகை கொடுக்காமல் குடியிருந்துவிட்டு இப்போது வீட்டையே கேட்கிறது. கட்டி புற்றுதான். ஆனால் ஒன்றே ஒன்று, வெளியே எங்கும் பரவவில்லை. ஈரலின் வலது பாகத்தை அப்படியே வெட்டி எடுக்கவேண்டும். கிட்டத்தட்ட அறுபது சதவீதம்.

"அப்ப மீதிய வச்சு என்ன செய்ய?"

"மீதி நல்லாருக்கும்மா, சுருங்கல. அது போதும். மூணு நாலு மாசத்துல வளர்ந்துடும்."

"வாழைக்கன்னு மாதிரியா?"

"கிட்டத்தட்ட." பிறகு அவர் கடமையைச் செய்தார். ரத்தப்போக்கு வரலாம், பித்தநீர் கசியலாம், மிச்ச ஈரல் வேலை செய்யாமல் போகலாம். நூறு பேரில் இரண்டு மூன்று பேர் பிழைப்பதில்லை.

"இந்த நூறுல அந்த மூணு பேரு ஏற்கெனவே முடிஞ்சிட்டாங்களா டாக்டர்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் ரத்தம் பார்க்க வேண்டும் என்றார். தாரணி மஸ்கட்டில் எட்டு மாதக் கர்ப்பிணி. அவளுக்குக் கர்ப்பப் பரிசோதனையில் போன மாதமே பார்த்தாயிற்று, வைரஸ் இல்லை. கூடப்பிறந்தவர்கள் யாரும் உண்டா என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 9, திங்கள்

கோவில்பட்டி முழுக்கத் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு பாக்கியத்தம்மா பலாப்பழத்தோடு வந்து அரைமணி நேரம் சுற்றி வளைத்தாள். கடைசியில் கதவருகே குரலைத் தாழ்த்தி, "ஏன்க்கா, அத்தான் செத்துப்போன கவலையில எப்பயாச்சும்... லேசா?" என்றாள்.

"தினமும் ஒரு குவார்ட்டர்," என்றேன். "தண்ணி கலக்காம."

இன்று சாயங்காலத்துக்குள் அது அரை பாட்டில் ஆகியிருக்கும்.

ஜூன் 13, வெள்ளி

தாரணி போனில் அழுதாள். வர முடியாது; இந்த மாதத்தில் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். "மாமாகிட்ட சொல்லட்டுமாம்மா?" என்றாள். கூடாது என்றேன். கூலிக்கு ஒரு அம்மாவை ஏற்பாடு செய்துவிட்டேன், அவள் பார்த்துக்கொள்வாள்.

மாமா என்று அவள் சொல்வது கழுகாசலத்தை. என் தம்பி. என் டிரைவிங் ஸ்கூலில் கார் மாஸ்டராக இருந்தான். நல்ல மாஸ்டர், அதை நான் மறுக்கவில்லை. ஸ்டியரிங்கைத் தொட்டாலே அழுகிற பொம்பளைகளை ஒரு மாதத்தில் பைபாஸில் ஓட்ட வைப்பான். ஒரு நாள் காலை வகுப்புக்குக் குடித்த வாடையோடு வந்தான். எல்லோர் முன்னாலும் சாவியைப் பிடுங்கி, வெளியே போ என்றேன். அதோடு நாலு வருஷமாகப் பேச்சு இல்லை. அவன் பெண்டாட்டி தூத்துக்குடியில் அண்ணன் வீட்டுக்குப் போனதும் அதே வாடையால்தான். ஒரே ஊரில் இருக்கிறோம். எதிரே வந்தால் ஒரு தடவை அவன் தெரு மாறுவான், ஒரு தடவை நான் மாறுவேன். யார் முறை என்பதில் மட்டும் இதுவரை தகராறு வந்ததில்லை.

ஜூன் 15, ஞாயிறு

எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. வீட்டுத் திரைச்சீலை எல்லாவற்றையும் துவைத்தேன். பரணில் ஏறிப் பித்தளைப் பாத்திரங்களை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தேன். கழிவறைக் கதவுக்குப் பெயின்ட் அடித்தேன். வேலை கிடந்தது, செய்தேன், அவ்வளவுதான்.

ஜூன் 16, திங்கள்

மதுரை ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி அறை. உள்ளே நுழைந்தால் ஸ்டூலில் கழுகாசலம் உட்கார்ந்திருக்கிறான். இளைத்திருக்கிறான். மீசை நரைத்துவிட்டது.

"யாருல ஒன்ன வரச்சொன்னது?"

"பாப்பா போன் போட்டுச்சு."

"நான் ஆள் போட்டிருக்கேன்."

"அந்தம்மாவ அனுப்பிட்டேன்."

"யாரக் கேட்டு?"

"ஒன்னக் கேட்டா வேண்டாம்ப. அதான் கேக்கல."

வாயில் ஏலக்காய். ஏலக்காயை மீறிக்கொண்டு மற்ற வாடை. திட்டுவதற்கு வாயெடுப்பதற்குள் ஷெர்லின் என்ற நர்ஸ் வந்து, தம்பிதானே என்று அவனிடமும் ரத்தம் எடுத்து, ஸ்கேனுக்கும் கூட்டிப் போய்விட்டாள். டாக்டரிடம் நான் சொன்ன பொய் இப்படி வெளியே வந்தது.

சாயங்காலம் முடிவு வந்தது. அவனுக்கு வைரஸ் இல்லை. ஈரலில் கொஞ்சம் கொழுப்பு, கொஞ்சம் வீக்கம். "நிறுத்திட்டா சரியாயிடும்," என்றார் டாக்டர் இம்மானுவேல்.

முப்பது வருஷம் ஊற்றி ஊற்றிக் குளிப்பாட்டியவன் ஈரல் முழுசாக இருக்கிறது. மோர் குடித்தவள் ஈரலை நாளைக்கு அறுக்கிறார்கள். சாமி இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இருக்கிறது, விலாசம் சரியாகப் படிக்கத் தெரியவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

பச்சை கவுன் கொடுத்தார்கள். பின்பக்கம் முழுக்கத் திறந்து கிடக்கிறது. முன்பக்கம் அறுக்கப்போகிறவர்களுக்குப் பின்பக்கம் எதற்கு என்று தெரியவில்லை.

ஜூன் 19, வியாழன்

பிழைத்துக் கிடக்கிறேன். நேற்று வரை ஐசியூவில் இருந்தேன், அங்கே நடந்தது எதுவும் நினைவில்லை. இருமினால் உயிர் போகிறது. சிரித்தாலும் போகிறது. நல்லவேளை, சிரிக்கும்படி யாரும் இங்கே பேசுவதில்லை.

வெட்டு எப்படி என்று டாக்டர் விளக்கினார். நெஞ்சுக்குக் கீழிருந்து நேராக இறங்கி, வலது பக்கம் திரும்பியிருக்கிறது. குனிந்து பார்த்தேன். திருப்பிப் போட்ட எல். இருபது வருஷமாக ஊரார் வண்டியில் எல் போர்டு ஒட்டினேன், இப்போது என் வயிற்றில் ஒட்டிவிட்டார்கள். பக்கத்தில் ஒரு குழாய். அதன் முனையில் பை. அதில் சிவப்பாக ஏதோ வடிகிறது.

ஆபரேஷன் ஏழு மணி நேரமாம். கழுகாசலம் சாப்பிடக்கூடப் போகாமல் கதவுக்கு எதிரேயே உட்கார்ந்திருந்தானாம், ஷெர்லின் சொன்னாள். வேலை இல்லாதவன் எங்கே உட்கார்ந்தால் என்ன. ஸ்ட்ரெச்சரில் போகும்போது என் காதருகே குனிந்து, "அக்கா, நீ வெளிய வார வரைக்கும் நான்..." என்று ஏதோ ஆரம்பித்தான். அதற்குள் லிஃப்ட் கதவு மூடிவிட்டது.

ஆளாக உதவுகிறான் என்று பார்த்தால் அதுவும் இல்லை. ஒரு தம்ளர் தண்ணீரைக் கொடுக்கத் தெரியவில்லை. கை நடுங்கிப் பாதி என் போர்வையில். ஏசி ஓடுகிற அறையில் சட்டை நனைய வேர்க்கிறது. தூங்குவதும் இல்லை, எழுந்து எழுந்து நடக்கிறான். சோம்பேறிக்கு வேலை கொடுத்தால் இப்படித்தான் உடம்பெல்லாம் உதறும்.

ஜூன் 20, வெள்ளி

சுவரில் எறும்பு ஊர்கிறது என்கிறான். சுவரில் எறும்பு இல்லை. கண்ணாடி போடவேண்டிய வயசு, போட மாட்டேன் என்கிறான்.

ஜூன் 21, சனி

நேற்று அதை எழுதி டைரியை மூடின பிறகு நடந்தது.

மத்தியானம். கழுகாசலம் ஸ்டூலை என் கட்டிலுக்கு இடது பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். முகம் பளபளவென்று இருந்தது. "சீட்ட முன்னால இழுத்துக்கோங்கம்மா," என்றான். "கண்ணாடியப் பாருங்க. பின்னால வாரவன் தெரியுதானா?"

"என்னல ஒளறுத?"

"பயப்படாதீங்கம்மா. கிளட்ச மெதுவா விடுங்க."

அவன் கண் என்மேல்தான் இருந்தது. ஆனால் அவன் பார்த்தது என்னை இல்லை. மணியை அழுத்தினேன். ஷெர்லின் எட்டிப் பார்த்தாள். ஒரே பார்வைதான்.

"அம்மா, இவங்க தினமும் குடிக்கிறவங்களா?"

"ஆமா."

"எப்ப நிறுத்துனாங்க?"

எனக்கென்ன தெரியும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். லிஃப்ட் கதவு மூடினது ஞாபகம் வந்தது. "செவ்வாய்க்கிழமை," என்றேன்.

"அச்சோ, திடீர்னு நிறுத்துனா இப்படி ஆகும். உயிருக்கே ஆபத்தும்மா. டாக்டரக் கூட்டிட்டு வாறேன், எந்திரிக்க விடாதீங்க, பேசிட்டே இருங்க," என்று ஓடினாள்.

அவள் போனதும் அவன் எழுந்துவிட்டான். "டயர்ல காத்து எறங்குது. நீங்க இருங்கம்மா, நான் எறங்கிப் பாக்கேன்," என்று ஜன்னலுக்குப் போனான். கொக்கியை நீக்கிக் கதவைத் தள்ளினான். மூன்றாம் மாடி. கம்பி கிடையாது. ஒரு காலைத் தூக்கித் திட்டில் வைத்தான்.

"கழுகு! ஏலே, கீழ எறங்கு!" என்று கத்தினேன். அவன் திரும்பவே இல்லை. அக்கா கத்துவது அவனுக்கு எப்போது காதில் விழுந்திருக்கிறது? எழுந்திருக்கப் பார்த்தேன். வயிற்றில் சூடு போட்ட மாதிரி இருந்தது. கை குழாயில் சிக்கியது. அவனை எட்டிப் பிடிக்க என்னால் ஆகாது.

அப்புறம் என்ன தோன்றியதோ, கத்தினேன்: "மாஸ்டர்! வண்டி உருளுது! எனக்கு பிரேக் எட்டல!"

ஒரே தாவல். ஜன்னலை விட்டுவிட்டு ஸ்டூலில் வந்து விழுந்தான். இடது பக்கத்து பிரேக்கை மிதிக்கிற மாதிரி தரையை ஓங்கி மிதித்தான். எங்கள் காரில் மாஸ்டர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு.

"நின்னுருச்சு, நின்னுருச்சு," என்றான். மூச்சு வாங்கியது. "நான் இருக்கும்போது எதுக்கும்மா பயம்?"

"எறங்கிராதீங்க மாஸ்டர். தனியா எனக்கு ஓட்ட வராது."

"எறங்கல. நேராப் பாத்து ஓட்டுங்க."

ஓட்டினேன். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்பி, கதிரேசன் மலைப் பக்கம் போய், பைபாஸில் ஏறினோம். அவன் கியர் சொல்லச் சொல்ல நான் போர்வைக்கு மேல் கையை ஆட்டினேன். ஹாரன் அடிக்கச் சொன்னான், அடித்தேன். வயிறு பிளக்கிற மாதிரி இருந்தது.

"நல்லா ஓட்டுதீங்க," என்றான். "எங்கக்காகிட்ட சொல்லுதேன். அவதான் ஓனரு. ஏசுவா. ஆனா வண்டியச் சுத்தமா வச்சிருப்பா."

"அவங்க எங்க மாஸ்டர்?"

"ஆபரேசனுக்குப் போயிருக்கா. அவ நல்லபடியா வெளிய வார வரைக்கும் தொடமாட்டேன்னு சொல்லியிருக்கேன். அவளுக்குக் கேட்டுச்சோ என்னமோ."

"கேட்டுருச்சு," என்றேன்.

காலடிச் சத்தம் கேட்டது. இரண்டு டாக்டர், ஒரு வார்டு ஆள், ஷெர்லின். "மாஸ்டர், வீடு வந்துருச்சு. எஞ்சின அமத்தவா?" என்றேன்.

"மொதல்ல ஹேண்ட் பிரேக்கு," என்றான், கையை நீட்டியபடி. அந்தக் கையில்தான் ஊசி போட்டார்கள்.

இவ்வளவு எழுதியதே அதிகம். கை வலிக்கிறது.

ஜூன் 23, திங்கள்

அவன் கீழ் மாடியில் படுத்திருக்கிறான். தினமும் நடக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருப்பதால் லிஃப்ட் வரைக்கும் நடந்தேன். லிஃப்ட் கீழேதான் போனது. வந்ததற்கு எட்டிப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரி ஆபீஸில் பெரிய குழப்பம். என்னைப் பார்த்துக்கொள்ள வந்த ஆள் அவன். அவனைப் பார்த்துக்கொள்ளும் ஆள் யார் என்று கேட்கிறார்கள். நான்தான் என்றேன். பையும் குழாயுமாக நிற்கிறவளை எழுத முடியாது என்கிறார்கள்.

கையைக் கட்டிலோடு துணியால் கட்டியிருந்தார்கள். தெளிந்திருந்தான். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நான் ஏதாச்சும் ஒளறுனேனா?"

"இல்ல. நல்லாத்தான் சொல்லிக்குடுத்த."

"எதை?"

"படுல."

திரும்பி வரும்போது ஷெர்லின் என் பையைப் பார்த்து நின்றாள். சிவப்பாக வடிந்தது மஞ்சளும் பச்சையுமாக மாறியிருந்தது.

ஜூன் 24, செவ்வாய்

குளிர் காய்ச்சல். பித்தநீர் கசிகிறதாம். அந்த இரண்டு மூன்று பேரைப் பற்றி டாக்டரிடம் இன்று கேட்கவில்லை.

ஜூன் 26, வியாழன்

நேற்று வாய்வழியாகக் குழாய் விட்டு, பித்தக்குழாயில் ஸ்டென்ட் என்று ஒன்றைச் செருகினார்கள். காய்ச்சல் இறங்கியிருக்கிறது. கண் விழித்தபோது கழுகாசலம் ஸ்டூலில் இருந்தான், ஆஸ்பத்திரி உடுப்போடு, கையில் ஊசிப் பட்டையோடு. எப்படி மேலே வந்தாய் என்றேன். லிஃப்டில் என்றான்.

என் பையை அவன் பார்த்தான். நான் அவன் கையைப் பார்த்தேன். நடுக்கம் குறைந்திருந்தது. ஷெர்லின் வந்து இரண்டு பேரையும் திட்டினாள்.

ஜூன் 27, வெள்ளி

வெட்டியெடுத்ததைச் சோதித்த முடிவு வந்துவிட்டது. வெட்டின ஓரத்தில் புற்று இல்லை. ரத்தக்குழாயில் பெரிதாக ஏறவில்லை. "நல்ல ரிசல்ட்ம்மா," என்றார் டாக்டர் இம்மானுவேல். "ஆனா திரும்பி வரலாம். வைரஸுக்கு மாத்திரைய விடவே கூடாது. மூணு மாசத்துக்கு ஒருதடவை கட்டாயம் பாக்கணும்."

அந்த மனுஷரின் கையைப் பிடித்துக்கொண்டேனாம். எனக்கு ஞாபகம் இல்லை. ஷெர்லின் சொல்வதையெல்லாம் நம்ப முடியாது.

ஜூலை 3, வியாழன்

டிஸ்சார்ஜ். கழுகாசலத்தை ஆஸ்பத்திரியிலிருந்தே நேராகக் குடிநோய் மையத்துக்குக் கூட்டிப் போகிறார்கள். போவதற்கு முன்னால், "வரும்போது ஏதாச்சும் வேணுமாக்கா?" என்றான், கடைக்குப் போகிறவன் மாதிரி.

"நீ வா, போதும்," என்று சொல்லியிருக்கலாம். "வாய மூடிட்டுப் போ," என்றேன்.

ஜூலை 20, ஞாயிறு

தாரணிக்குப் பெண் குழந்தை. மூன்று கிலோ. என்னிடமிருந்து எடுத்ததும் ஏறக்குறைய அவ்வளவு இருக்குமோ என்று யோசித்தேன். டாக்டரிடம் கேட்க வேண்டும். தாரணியிடம் சொல்லக்கூடாது.

ஆகஸ்ட் 11, திங்கள்

கழுகாசலம் வந்துவிட்டான். மாடி அறையில் இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். நான் இன்னும் கனமான எதையும் தூக்கக்கூடாது. வகுப்பு அப்படியே கிடக்கிறது. வேறு காரணம் இல்லை.

நிபந்தனை ஒன்றுதான். தினமும் காலையில் என் முகத்துக்கு நேரே ஊத வேண்டும். வாடை இல்லாவிட்டால் கார் சாவி. ராத்திரிச் சாப்பாட்டில் பூண்டு போட்டால் எனக்குத்தான் தண்டனை.

ஆகஸ்ட் 30, சனி

ஏலக்காய்.

நேற்று எங்கோ கல்யாணத்துக்குப் போனான். ஊதச் சொல்லவே தேவையில்லை, மாடிப்படியிலேயே தெரிந்தது. ஒரு பெண் வகுப்புக்கு வந்து நிற்கிறாள். எல்லோர் முன்னாலும் திட்டத்தான் வாயைத் திறந்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு வாசலைப் பார்த்தான், போகச் சொல்லப்போகிறாள் என்று. அந்தப் பெண்ணிடம் மாஸ்டருக்குக் காய்ச்சல் என்றேன். அவனை உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, ஒரு மணி நேரம் திட்டினேன். வயிறு இழுத்துப் பிடித்துக்கொண்டது. அதற்கும் சேர்த்துத் திட்டினேன். அப்புறம் இட்லி வைத்தேன். மூன்று சாப்பிட்டான்.

செப்டம்பர் 26, வெள்ளி

இன்று மூன்று மாத ஸ்கேன். துடைத்த கார் வாசலில் நின்றது. சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன், கழுகாசலம் வந்து கதவருகே நின்றான். ஊத வரவில்லை.

"அக்கா, நேத்து குடிச்சிட்டேன். கொஞ்சம்தான். சாவி வேண்டாம்."

மிக்ஸியை நிறுத்தினேன். ஏலக்காய் வாசம் இல்லை. மற்றதுதான் இருந்தது.

"பயந்துட்டேன்," என்றான். "இன்னைக்கு ஸ்கேன்ல என்ன வருமோன்னு."

எனக்கும் பயமாக இருந்தது. நான் திரைச்சீலை துவைத்தேன், அவன் அதைச் செய்தான்.

காரை நான் ஓட்டினேன். ஆபரேஷனுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. அவன் இடது பக்கம் உட்கார்ந்து சாத்தூர் வரை என் காலையே பார்த்துக்கொண்டு வந்தான். விருதுநகரில், நான் கிளட்ச்சில் காலை வைத்துக்கொண்டே ஓட்டுவதாகக் குறை சொன்னான். இறக்கிவிட்டுவிடுவேன் என்றேன்.

டாக்டர் இம்மானுவேல் படத்தைத் திரையில் போட்டார். புதுக்கட்டி எதுவும் இல்லை. இடது பாகம் வளர்ந்து வளர்ந்து வலது பக்கத்துக் காலி இடத்துக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. "பழைய உருவம் வராதும்மா," என்றார். "எடுத்த பாகம் எடுத்ததுதான். மிச்சமிருக்கிறது பெரிசாகி, மொத்த வேலையையும் பாக்குது." ஷெர்லின் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அவளுக்குக் கடலைமிட்டாய் கொண்டுபோயிருந்தேன்.

கழுகாசலம் உள்ளே வரவில்லை. கார் நிறுத்தும் இடத்தில், சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடிக் கிடந்தான். நான் ஏறி உட்கார்ந்தும் திறக்கவில்லை.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமில்லன்னுட்டாங்க. வளந்துருச்சாம்."

அவன் கண்ணைத் திறக்காமலே தலையை ஆட்டினான். "இனி எப்ப வரணும்?" என்றான்.

"மூணு மாசம் கழிச்சு."

"ஒனக்குப் பரவால்லக்கா. மூணு மாசத்துக்கு ஒருக்கா பாத்தாப் போதும். எனக்கு தெனமும்லா பாக்கணும்."

"பாப்போம்," என்றேன். "பெல்ட்டப் போடு."